தொட்டியில் விளைந்த கஞ்சிப்பாசி

கடல் இரண்டு தெரு தள்ளி இருக்க, வீட்டுக்குள் கண்ணாடித் தொட்டியில் உப்புத்தண்ணீர் ஊற்றி, சின்ன மீன்களோடு செம்பாசி வளர்த்தேன். "ஒங்களுக்கு வேற சோலி இல்லியா?" என்பாள் மனைவி.

பாசி புதராக மண்டியதும் பாதியை வெட்டி, நண்பரின் தொட்டிக்கென்று வாளியில் எடுத்து வைத்தேன். சாயங்காலம் வாளி காலி. மொட்டைமாடியில் நெத்திலிக் கருவாட்டுக்குப் பக்கத்தில் பாசி காய்ந்துகொண்டிருந்தது.

"கஞ்சிப்பாசிதான? எங்க வீட்டுல கஞ்சி காய்ச்சுவோம்லா."

வெளுக்கக் காய்ந்ததும் காய்ச்சி வடிகட்டி, தேங்காய்ப்பாலும் கருப்பட்டியும் சேர்த்துத் தந்தாள். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் குடித்தேன். இன்னொரு டம்ளரும் கேட்டேன்.

இப்போது தினமும் தொட்டி விளக்கைப் போடுவது அவள்தான். நேற்று அங்கிருந்தே கத்தினாள்: "ஏங்க, இந்த மீனு பாசியக் கொறிக்கி. புடிச்சுக் குழம்புல போட்டுருவேன், பாத்துக்கோங்க!"