வேலிக்கும் கம்பத்துக்கும் நடுவில்

வலங்கைமான் பக்கத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற இளையபெருமாளுக்கு ஒரு எஸ்யூவி வாங்க ஆசை. ஷோரூம்காரன் போனில், "புது மாடல் அடுத்த வருஷம் வருது சார், கொஞ்சம் வெயிட் பண்ணுங்க," என்றான்.

'வெயிட்' என்ற வார்த்தையைக் கேட்டாலே அவருக்குச் சலிப்பு தட்டும். தார் ரோட்டிலிருந்து அவர் தெருவுக்கு வரும் பாதைக்காக இருபத்திரண்டு வருஷமாக வழக்கு. ஆட்சி நாலு தடவை மாறிவிட்டது. தாலுகா ஆபீசில் இவர் கால்கடுக்க நின்றதுதான் மிச்சம்.

"அகலம் எவ்வளவு தம்பி?"

புது மாடல் நாலு விரல் அகலம் கூடவாம்.

இந்த வருஷத்து வண்டியின் அகலத்துக்கு, கண்ணாடிகளையும் சேர்த்து, ஒரு மூங்கிலை நறுக்கிக்கொண்டு பாதைக்குப் போனார். ஒருபக்கம் கரண்டுக் கம்பம், மறுபக்கம் வழக்கின் எதிராளி துரைராசுவின் வயல் வேலி. நடுவில் மூங்கில் மட்டுமட்டாக நுழைந்தது.

"வேலி வருஷா வருஷம் நாலு விரல் உள்ள வருது," என்றாள் கூட வந்த மனைவி செவ்வந்தி. "இப்ப வாங்குனா வண்டி உள்ள வந்துடும். அடுத்த வருஷம் வெளிய எப்படிங்க போகும்?"

இளையபெருமாள் அங்கேயே போனை எடுத்து, இந்த வருஷத்து வண்டியே போதும் என்று சொல்லிவிட்டார்.

"கம்பத்தத் தாண்டி, வேலிய ஒட்டி நிறுத்திடுவேன்," என்றார் அவளிடம். "அப்புறம் வேலி எப்படி நகருதுன்னு பாக்கறேன்."

"அப்ப ஓட்ட மாட்டீங்களா?"

"நான் நின்னு பாத்தாச்சு செவ்வந்தி. இனிமே அது நிக்கட்டும்."