காதைப் பிடித்துத் தூக்கிய கை

எனக்குப் பேச்சுக்குப் பேச்சு ஒரு பழமொழி வேண்டும். ‘அடியாத மாடு படியாது’ என்பதை அப்படியே நம்பியவன் நான். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே காலியான கோடையில், முயலை விட்டு வரமாட்டேன் என்று கதறிய எட்டு வயது மகளைத் தரதரவென்று இழுத்துப்போய், அவள் அம்மாவோடு ரயிலேற்றினேன். ஆபீசில் லீவு கிடைக்காததால் மயிலாப்பூர் வீட்டில் நானும் முயலும் மட்டும் மிஞ்சினோம்.

அவள் போனதிலிருந்தே அது சரியாகத் தின்னவில்லை. கடைசி இரண்டு நாள் புல்லையே தொடவில்லை. ‘வெள்ளை சாப்பிடுதா அப்பா?’ என்று மகளின் கார்டு வேறு வந்துவிட்டது. செத்துப்போனால் என்ன பதில் எழுதுவேன்? பயத்தில் அதைக் காதைப் பிடித்துத் தூக்கி, வாயில் கீரையைத் திணித்தேன். முயல் வீறிட்டது. அதற்குக் குரல் உண்டென்றே அன்றுதான் எனக்குத் தெரியும்.

தெருவில் ஜட்கா குதிரைகளுக்குப் புல் விற்றுக்கொண்டு போன அம்மாள், சத்தம் கேட்டு உள்ளே வந்தாள்.

“இன்னா நைனா, உன் காதைப் புடிச்சுத் தூக்கினா நீ சோறு துன்னுவியா?”

“செத்துடும் போலிருக்கும்மா.”

“கீழ வுடு. நீயும் தரையில குந்து. அத்தப் பாக்காத. புல்லைக் கையில வெச்சுக்கினு சும்மா இரு, அதுவா வரும்.”

உட்கார்ந்தேன். கால் மரத்துப்போன பிறகு, விரலில் மீசை உரசியது. கையிலிருந்த புல் மெல்ல நகர்ந்தது.

அழுதுவிட்டேன். ரயிலடியில் சிவந்திருந்த மகளின் மணிக்கட்டு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ‘வெள்ளை சாப்பிடுகிறது’ என்று எழுதி, அதன் கீழே, ‘கை இன்னும் வலிக்கிறதா கண்ணு?’ என்று கேட்டேன். நான் எழுதிய கடிதங்களில் பழமொழி இல்லாதது அது ஒன்றுதான்.