குழாய்க்கு மேல் வீடு கட்டக் கூடாது

உங்கள் மனைக்கு அடியில் ஒரு காஸ் குழாய். காஸ் வருவது நின்றுவிட்டது. ஆனாலும் குழாய் கிடக்கும்வரை அதன் மேல் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது. அதை யார் தோண்டி எடுக்க வேண்டும்? போட்டவன்தானே? எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அப்போது திருச்சியில் சட்டம் படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் வருடம்தான், ஆனால் வாய் மட்டும் சீனியர் வக்கீல் வாய்.

மனை என் மாமாவுடையது. பொன்மலை ஒர்க்ஷாப்பில் வேலை, ரயில்வே குவார்ட்டர்ஸில் குடித்தனம். ரிட்டயரானால் குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். ஸ்ரீரங்கம் தாண்டி இருந்த அந்தத் துண்டு மனையில்தான் வீடு கட்ட நினைத்திருந்தார். நட்டநடுவில் குழாய். குழாய் போட்ட கம்பெனி அதைக் கைவிட்டுப் போக அனுமதி கேட்டபோது, ஒழுங்குமுறை வாரியம் ஒரு நிபந்தனை போட்டது: வீட்டு மனைகளில் இருக்கும் குழாயை எடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். மாமா சந்தோஷத்தில் தெருவுக்கே அல்வா வாங்கிக் கொடுத்தார். நிபந்தனையை எதிர்த்துக் கம்பெனி மதுரை ஹைகோர்ட்டுக்குப் போனது.

வழக்கு நடக்கும்போதே கம்பெனி ஆள் ஒருவர் ஃபைலோடு மனைக்கு வந்தார்.

"காலிக் குழாய்தானே சார், கடிக்கவா போகுது?"

"அப்ப உங்க வீட்டுக்கு அடியில போட்டுக்குங்களேன்" என்றார் மாமா.

அந்த ஆள் சிரித்தபடி நாலு பக்க இங்கிலீஷ் தாளை நீட்டினார். "வந்து பாத்தோம்னு ஒரு கையெழுத்துங்க, அவ்வளவுதான்."

மாமா என் பக்கம் தள்ளினார். "மாப்ள, நீ படிச்சவன். பாத்து சொல்லு."

முதல் பக்கத்தில் இடத்தைப் பார்வையிட்டதாக இருந்தது. மீதியைச் சர்ரென்று புரட்டினேன். "ஒண்ணுமில்ல மாமா, போடுங்க." சாட்சிக் கையெழுத்து நான் போட்டேன். கீழே 'சட்ட மாணவர்' என்று வேறு எழுதினேன், கெத்துக்கு.

குழாய் அப்படியே கிடக்கச் சம்மதம் என்று நாலாம் பக்கத்தில் இருந்திருக்கிறது.

மதுரையில், தோண்டினால் மண் கெட்டுவிடும், உரிமையாளர் நலனுக்காகத்தான் விட்டுப் போகிறோம் என்றார் கம்பெனி வக்கீல். விவரம் தெரியாமல் போட்ட கையெழுத்து என்று எங்கள் வக்கீல் சொன்னதும், கம்பெனி வக்கீல் அந்தத் தாளைத் தூக்கிக் காட்டினார். "சாட்சி சட்டம் படிக்கிறவர், மை லார்ட்." கோர்ட்டில் யாரோ சிரித்தார்கள். நிபந்தனை செல்லும், ஆனால் உரிமையாளரே சம்மதித்த மனைக்கு அது பொருந்தாது என்று தீர்ப்பு வந்தது.

பக்கத்து மனைக்காரர் கையெழுத்துப் போடாதவர். அவர் மனையில் ஜேசிபி இறங்கியது. குழாயை எங்கள் எல்லைக்கல் வரை அறுத்து எடுத்துப் போனார்கள். மாமா வேலியோரம் நின்று பார்த்தார். "விடு மாப்ள, நீ வேணும்னேவா செஞ்ச?" என்றார். திட்டியிருக்கலாம். கம்பெனியை நினைத்தால் வரும் அருவருப்பு, தாளைப் புரட்டிய என் விரல்களைப் பார்த்தாலும் வருகிறது.

மாமா இப்போது காட்டூரில் வாடகை வீட்டில் இருக்கிறார்.