முதுகு காட்டிச் சொன்ன பாடம்

என் மகளைக் கிட்டத்தட்ட இரண்டு வருடம் வீட்டில் வைத்து நானே படிப்பித்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்த இரண்டு வருடத்தில் அவளுடைய இடது கண் போய்விட்டது. பார்க்கிறவர்களுக்கு நல்ல கண் மாதிரிதான் இருக்கும், பார்வைதான் இல்லை. நாங்கள் குடியிருக்கும் லயத்து வீட்டு வரிசையில் யாராவது கேட்டால் நான் சுற்றி வளைப்பதில்லை. என் வாய்க்கொழுப்பால் வந்தது என்றுதான் சொல்கிறேன்.

எனக்குக் கோபம் மூக்குநுனியில் இருக்கும். பிறந்தது நோட்டன் பிரிட்ஜ் பக்கம். தோட்டத்துப் பாடசாலையில் தொடங்கி உயர்தரம் வரைக்கும் படித்தேன். அதில் ஒரு பாடத்தில் கோட்டை விட்டேன். பிறகு கல்யாணம் கட்டி இந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து கொழுந்துக் கூடையை மாட்டிக்கொண்டேன். லயத்தில் யாருக்குக் கடுதாசி வந்தாலும் வாசித்துச் சொல்ல என்னிடம்தான் கொண்டு வருவார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

மகள் முதலாம் தரத்தில் சேர்ந்து மூன்று மாதம் இருக்கும். அவளுடைய டீச்சர் என்னை வரச் சொல்லி அனுப்பினார். டவுனிலிருந்து பஸ்ஸில் வருகிற இளம்பெண், சேலை கசங்காமல் நிற்பவர். மற்றத் தாய்மார் நாலைந்து பேர் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னார்.

"ஒங்க புள்ள போர்டப் பாத்து எழுதுறதே இல்லங்க. பக்கத்துப் புள்ளையோட கொப்பியத்தான் மூக்கு முட்டப் பாக்குது. என்னமோ ஒரு கொறை இருக்கு. எங்கயாவது கொண்டுபோய்க் காட்டுங்க."

என் காதில் விழுந்தது குறை என்ற ஒரு சொல்தான். நான் படித்த காலத்தில் எங்களுக்குப் படிப்பித்த ஒரு சேர் எங்களைப் பார்த்து, நீங்க எல்லாம் கொழுந்து பறிக்கத்தானே போறீங்க, எதுக்கு இந்தக் கணக்கு என்று சிரித்தவர். எங்கள் பிள்ளைகள் மந்தம், எங்கள் பிள்ளைகள் தேறாது என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தவள் நான். இந்தச் சேலைக்காரியும் அதே பாட்டைத்தான் பாடுகிறாள் என்று நினைத்தேன். அவர் ஒரு தாய்க்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னார். நான் ஒரு கூலிக்காரிக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டேன்.

"எம்புள்ளைக்கு ஒரு கொறையும் இல்ல டீச்சர். ஒங்களுக்குத்தான் சொல்லிக்குடுக்கத் தெரியல. நானே படிப்பிச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, மகளின் பையையும் தண்ணீர்ப் போத்தலையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த கிழமையே பேய் மழை. மலைச்சரிவு இடிந்து பாடசாலைக்குப் போகிற குறுக்குப் பாதையை மண் மூடியது. எனக்கு அது நல்ல சாட்டாகப் போயிற்று. பாதை இல்லையே, சின்னப் பிள்ளையை எப்படி அனுப்புவது என்று எல்லோருக்கும் சொன்னேன். மற்றப் பிள்ளைகள் லொறி ரோட்டைச் சுற்றிக்கொண்டு ஒரு மணித்தியாலம் நடந்து போகத்தான் செய்தார்கள். அதிபர் இரண்டு முறை ஆளனுப்பினார். நல்ல மனுசன், பெயரை வெட்டாமல் வைத்திருந்தார்.

என் கணவர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. மாதத்துக்கு ஒரு தடவை வருவார். "ஒனக்குத் தெரியாததா, செய்" என்று போனில் சொன்னார். பகலில் மகளும், அவளுக்கு இரண்டு வயது இளையவனான தம்பியும் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் இருப்பார்கள். வேலைக்குப் போகிற தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. பின்னேரம் கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, மழைக்குக் கட்டுகிற ஈரப் படங்கை இடுப்பிலிருந்து அவிழ்த்துப் போட்டதும் எங்கள் வகுப்பு தொடங்கும்.

எங்கள் வகுப்பு எப்படியென்றால், நான் அடுப்படியில் நிற்பேன். மகள் முன்னறையான காம்பராவில் பல்புக்குக் கீழே புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பாள். நான் ரொட்டிக்கு மா பிசைந்துகொண்டே, சுவரைப் பார்த்துக்கொண்டே, ஒரு வரி சொல்வேன். அவள் திருப்பிச் சொல்வாள். அடுப்பில் விறகு ஈரமாக இருந்தால் புகையில் என் கண் எரியும், ஆனாலும் வாய் நிற்காது. எந்தப் பக்கத்தில் எந்த வரி என்று எனக்கே மனப்பாடம். அவள் ஒரு சொல் தவறினால் முதுகுக்குப் பின்னால் கேட்டுவிடும்.

வேறு எப்படிச் செய்வது என்று எனக்குத் தோன்றவே இல்லை. மலையில் எங்களுக்கு எல்லாம் காதுதான். பனி மூடினால் பக்கத்து நிரையில் பறிக்கிறவளின் தலைகூடத் தெரியாது. குரலை வைத்துத்தான் யார் எங்கே நிற்கிறார்கள் என்று கண்டுபிடிப்போம். குளவி கிளம்பினாலும், சிறுத்தையைக் கண்டாலும் சத்தம்தான் முதலில் வரும். மகள் தண்ணீர் ஓடுகிற காணில் கால் வைத்து விழுவாள், வாசல் நிலையில் இடித்துக்கொள்வாள். பனியில் எல்லோரும்தான் விழுகிறோம் என்று துடைத்துவிடுவேன். வெயில் அடித்த நாளிலும் அவள் விழுந்தாள் என்பது இப்போதுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவள் புத்தகத்தில் முகம் புதைத்துக் குனிவாள். கொப்பியில் எழுதும்போதும் மூக்கு தாளில் முட்டும். எனக்கு அது பிடிக்காது. காலமெல்லாம் கூடை சுமந்து கூன் விழுந்த பெண்களைப் பார்த்தவள் நான். "நிமிந்து ஒக்காரு, இப்பவே கூனிப் போவியா?" என்று அடுப்படியிலிருந்து சத்தம் போடுவேன். அதற்கும் கேட்காவிட்டால் வந்து முதுகில் ஒன்று வைப்பேன். கொஞ்ச நாளில் நேராக உட்காரப் பழகிக்கொண்டாள். குனிந்தால்தான் எழுத்துப் புலப்படும், நிமிர்ந்தால் புலப்படாது என்பதை ஆறு வயதுப் பிள்ளை என்னிடம் எப்படிச் சொல்லும்? பிறந்ததிலிருந்தே மங்கலாகத்தான் பார்த்தது. எல்லோருக்கும் உலகம் அப்படித்தான் என்று நினைத்திருக்கும். அதனால் அது தனக்குத் தெரிந்த ஒரே வழியைப் பிடித்துக்கொண்டது. நான் சொல்வதை ஒரு தடவை கேட்டால் அப்படியே மனதில் ஏற்றிக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்துப் பெண்கள் எங்கள் வாசல் இஸ்தோப்புத் திண்ணையில் வந்து உட்காருவார்கள். மகள் புத்தகத்தை மடியில் விரித்து, நிமிர்ந்து உட்கார்ந்து, கடகடவென்று வாசிப்பாள். "டீச்சர் மக டீச்சர்தான்" என்று என்னைக் கேலி செய்வார்கள். எனக்கு உள்ளுக்குள் குளிரும். கொழும்புக்குப் போன் எடுத்து அவளை வாசிக்க வைப்பேன். அவர் கடைச் சத்தத்துக்கு நடுவில் கேட்டுவிட்டு, "கிளி மாதிரி சொல்றாளே" என்பார். அவரும் காதால்தான் கேட்டார்.

மழை பெய்த ஒரு ஞாயிறு. பக்கத்துக் காம்பராப் பெண் வந்திருந்தாள். மகள் வாசிக்க, மகன் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பக்கம் புரட்டிக் கொடுத்தான். அது அவனுக்குப் பெரிய வேலை. ஒரு இடத்தில் அவன் இரண்டு தாளைச் சேர்த்துப் புரட்டிவிட்டான். நான் அன்றைக்குத்தான் அதிசயமாக அவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். புத்தகத்தில் குளத்துப் படம். மகள் நிறுத்தாமல் சந்தைப் பாடத்தை வாசித்துக்கொண்டு போகிறாள். கண் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. விரல்கூட வரிக்கு வரி நகர்கிறது.

பக்கத்துக் காம்பராப் பெண்ணுக்கு எழுத்துத் தெரியாது. அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். நான் அவளை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினேன். அகப்பைக் காம்பால் அடித்தேன். "என்னையவே ஏமாத்துறியா? ஊருக்கு முன்னால நடிக்கிறியா?" என்று அடித்தேன். மகன் கதவு மூலையில் நின்று, நான்தான் பிழையாகப் புரட்டினேன் என்று அழுதான். அவள் அழவில்லை. அடி எங்கிருந்து வருகிறது என்று தெரியாதவள் போலக் கை இரண்டையும் முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்த இடத்தில் எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. அடுத்த நாளிலிருந்து மகன் பக்கம் புரட்டக் கூடாது என்று மட்டும் சட்டம் போட்டேன்.

அடுத்த வருடக் கடைசியில் தோட்டத்தார் எல்லோரும் கூடிச் சிரமதானம் செய்து குறுக்குப் பாதையை வெட்டித் திறந்தார்கள். சாட்டுச் சொல்ல இனி ஒன்றும் இல்லை. எனக்கு இருந்த ஒரே பயம், இவளைச் சின்னப் பிள்ளைகளோடு கீழ் வகுப்பில் உட்கார வைத்துவிடுவார்களோ என்பதுதான். தைமாதம் கூட்டிக்கொண்டு போனேன். அதிபர் இரண்டாம் தரப் புத்தகத்தை விரித்துக் கொடுத்து முதல் பாடத்தை வாசிக்கச் சொன்னார். அவள் கடகடவென்று சொன்னாள். அதிபர் சந்தோஷமாக மூன்றாம் தரத்தில், அவள் வயதுப் பிள்ளைகளோடு போட்டார். பழைய டீச்சர் அங்கேதான் நின்றார். நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். அந்தப் பார்வையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

இரண்டு கிழமை கழித்துச் சுகாதாரத்துறையிலிருந்து பிள்ளைகளைச் சோதிக்க வந்தார்கள். தாய்மாரையும் வரச் சொல்லியிருந்தார்கள். உயரம், எடை, பல், கடைசியாகக் கண். மண்டபத்தின் ஒரு கோடியில் இலக்கங்கள் எழுதிய அட்டை தொங்கியது. மேலே பெரிய இலக்கம், கீழே வரவரச் சிறியது. சிங்களத் தாதி ஒருவர் பிள்ளையின் ஒரு கண்ணை மூடிவிட்டு மேலிருந்து கீழே வாசிக்கச் சொன்னார். பழைய டீச்சர் பெயர்ப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தார். என் மகளுக்கு முன்னால் வரிசையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். ஒவ்வொரு பிள்ளையும் அதே இலக்கங்களைச் சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனது. என் மகள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். உதடு அசைந்தது. பயத்தில் சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்தேன்.

அவள் முறை வந்தது. தாதி வலது கண்ணை மூடினார். மகள் நிமிர்ந்தாள். முதுகை நேராக்கினாள். கடைசி வரி வரைக்கும் ஒரு பிழை இல்லாமல் சொன்னாள். முன்னால் போன எந்தப் பிள்ளையும் கடைசி வரியை அவ்வளவு வேகமாகச் சொல்லவில்லை.

தாதி சரி என்று எழுதக் குனிந்தார். முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். அதற்குப் பிறகுதான் அந்தக் குரலைக் கேட்டேன். அது அடுப்படியில் என் முதுகுக்குப் பின்னால் கேட்கிற குரல். குளத்துப் படத்துக்கு முன்னால் சந்தைப் பாடத்தைச் சொன்ன குரல். பேசாமல் இருந்தால் சரி என்று எழுதிவிடுவார்கள், பிள்ளைக்குக் குறை இல்லை என்று ஆகிவிடும். பேசினால் அந்த டீச்சருக்கு முன்னால்தான் பேச வேண்டும். தாதியிடம் நேரே சொல்ல எனக்குத் தெரிந்த சந்தைச் சிங்களம் வாயில் வரவில்லை.

"டீச்சர்" என்றேன். "அவ பாத்துச் சொல்லலங்க. காதால கேட்டுப் பாடமாக்கிட்டா. நர்ஸ் மிஸ்ஸிக்குச் சொல்லுங்க."

டீச்சர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சிங்களத்தில் சொன்னார். தாதி எழுதியதை வெட்டிவிட்டு, குச்சியை எடுத்து இலக்கங்களைக் கலைத்துக் கலைத்துத் தொட்டார். மகள் ஒன்றும் சொல்லவில்லை. மேலே இருக்கிற ஆகப் பெரிய இலக்கத்தைத் தொட்டபோதும் சொல்லவில்லை. நான் பேசிய திசைக்கு முகத்தைத் திருப்பி, இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் கொண்டுபோனாள்.

இத்தனை பேருக்கு முன்னால் அவள் எதற்குக் கையைத் தூக்கினாள் என்று எனக்கும் அவளுக்கும் மட்டும்தான் தெரியும். இல்லை, டீச்சருக்கும் தெரிந்தது. போகும்போது வாசல் வரைக்கும் வந்தார். "நானும் அன்னைக்கு எல்லாருக்கும் முன்னால அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் பிறவியிலேயே பவர் குறை, இடது கண்ணில் ஆகக் கூடுதல். அந்தக் கண்ணைப் பழக்காமலே விட்டதால் மூளை அதைக் கைவிட்டுவிட்டது என்றார். வலது கண்ணைக் கண்ணாடி போட்டுக் காப்பாற்றலாம். இடது கண் பழகுவதற்கு வலது கண்ணுக்கு மறைப்புக் கட்டிப் பார்ப்போம், பெரிய நம்பிக்கை வேண்டாம். ஐந்து, ஆறு வயதில் கொண்டுவந்திருந்தால் சரி செய்திருக்கலாம் என்று சொல்லிவிட்டு, ஏன் இவ்வளவு தாமதம், பாடசாலையில் யாரும் கவனிக்கவில்லையா என்று சிங்களத்தில் கேட்டார். கவனித்தார்கள் என்று சொன்னேன். ஒரு வருடம் மறைப்புக் கட்டினோம். இடது கண் வரவில்லை.

கண்ணாடி வந்த அன்றைக்குப் பின்னேரம் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். நான் வழக்கம்போல அடுப்பைப் பார்த்துக்கொண்டு ரொட்டி தட்டிக்கொண்டிருந்தேன். மகள் முன் காம்பராவில் பல்புக்குக் கீழே நின்றாள். தடித்த கண்ணாடி, மூக்கில் நழுவி நழுவி விழுந்தது.

"அம்மா, இங்கிட்டுத் திரும்புங்க" என்றாள்.

திரும்பினேன். எங்களுக்கு நடுவில் பத்தடி தூரம் இருக்கும். கண்ணாடியைக் கையால் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள். என்னடி அப்படிப் பாக்குற என்று கேட்டேன்.

"ஒங்க மொகம் இப்பிடியா இருக்கும்?"

"ஏன், இவ்வளவு நாளா பாத்ததில்லையா?"

"பாத்திருக்கேன். அடிக்கக் கிட்ட வருவீங்கல்ல, அப்ப தெரியும்" என்றாள். "எப்பவும் அந்த மொகந்தான்னு நெனச்சேன்."