தராசக்காவும் கடைசி வீடும்

கைப்பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, காலி வீட்டின் வெறுந்தரையில் மல்லாந்து படுத்திருக்கிறார் நகராட்சி வீட்டுவசதிப் பிரிவின் தலைவி. கண்ணை மூடவில்லை. கூரையில் ஓடும் வெடிப்பைப் பார்க்கிறார். மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுப்பதைக் கேட்கிறார். பிறகு ஒருக்களித்துப் புரண்டு, குளியலறைப் பக்கம் மூக்கை நீட்டி மூச்சை இழுக்கிறார். சாக்கடை வாடை வந்தால் அந்த வீடு அன்றைக்குத் தேறாது. "நின்னு பாத்தா எல்லா வீடும் நல்ல வீடுதான். படுத்துப் பாக்கணும். நாள் பூரா நின்னவங்க முதுகு சாய்க்கத்தானே வீடு கேக்குறாங்க?" என்று சொல்லிக்கொண்டே எழுந்து சேலையைத் தட்டுவார். வாசலில் நிற்கும் ஒப்பந்தக்காரருக்கு வியர்க்கும்.

அலுவலகத்தில் அவருக்குத் தராசக்கா என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. அவருக்குத் தெரியும் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பிரிவுக்கு வந்த புதிதில் இருந்த ஒரே மின்விசிறியின் காற்று எல்லோர் மீதும் படவேண்டும் என்று, ஒரு விடுமுறை நாளில் தனியாக வந்து மேசைகளையெல்லாம் இழுத்துத் திருப்பிப் போட்டுவிட்டார். மறுநாள் எல்லோருக்கும் காற்று வந்தது. அவர் மேசைக்கு மட்டும் வரவில்லை. இன்றுவரை ஒரு பழைய கோப்பு அட்டையால்தான் விசிறிக்கொள்கிறார்.

அவருக்குச் சொந்த வீடு கிடையாது. கணவர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவர். ஊரார் பிழையைத் திருத்தி ஓய்ந்துபோய் மனைவியின் பிழையைக் கேலியோடு விட்டுவிடுகிறவர். இருட்டிய பிறகு தராசக்கா வீட்டுக்குள் நுழைந்தால், "ஊருக்கெல்லாம் வீடு குடுக்குற மகராசி நம்ம வீட்டுக்கும் வந்துட்டாங்க" என்று தட்டை எடுத்து வைப்பார்.

வல்லான் வகுத்ததே வாய்க்கால் என்று கிடந்த இடத்தில் குலுக்கலைக் கொண்டுவந்தவர் தராசக்காதான். நகராட்சி கட்டும் வீடுகளுக்கு மனுப்போட்டவர்களின் பெயர்ச்சீட்டுகளைக் கண்ணாடிப் பெட்டியில் போட்டு, எல்லோர் கண் முன்னாலும் குலுக்கி எடுப்பார்கள். விழுந்த வீட்டை வேண்டாம் என்றாலோ திருப்பிக் கொடுத்தாலோ வரிசையின் கடைசிக்குப் போய்விட வேண்டும். இந்த விதியும் அவர் எழுதியதுதான். குலுக்கலும் விதியும் இல்லாத காலத்தில், செல்வாக்கு உள்ளவர்கள் தரைத்தளத்து முன்பக்க வீடு கிடைக்கும்வரை ஒவ்வொன்றாகத் தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தார்கள். "எல்லாருக்கும் ஒரே சட்டம். பிடிக்கலன்னா பின்னாடி போய் நில்லுங்க" என்று கூட்டங்களில் அவர் சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை இருக்கும்.

அந்தப் பெருமையில் கல் விழுந்தது, பழைய கிடங்குகளை இடித்துவிட்டுக் கட்டிய குடியிருப்பின் மூன்றாம் மாடிக் கடைசி வீட்டால்.

முதலில் அங்கே ஒரு தச்சர் குடும்பம் போயிற்று. மழைக்காலம் முடிவதற்குள் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மாமனார் வீட்டோடு போய்விட்டது. தண்ணீர் வரவில்லையா என்றால், வருகிறது. அக்கம்பக்கத்தில் தகராறா என்றால், இல்லை. "வீடு நல்ல வீடுதாங்க. எங்களுக்குத்தான் ஒத்துவரல" என்றார் தச்சர், தராசக்காவின் முகத்தைப் பார்க்காமல். அடுத்து மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்யும் ஒரு பெண் இரண்டு பிள்ளைகளோடு போனாள். அவளும் அதே வார்த்தைகளைச் சொல்லிச் சாவியை வைத்துவிட்டுப் போனாள். தச்சரை அவள் பார்த்ததுகூட இல்லை.

மூன்றாவதாகப் போனவர் ஒரு பஸ் கண்டக்டர். அவருக்குப் போக வேறு போக்கிடம் இல்லை. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்து பார்த்தார். கடைசியில் ஒருநாள் காக்கிச் சட்டையோடு அலுவலகத்துக்கு வந்து, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"வாடகை வீட்டுலகூட இப்படி இருந்ததில்ல மேடம். என் வீட்டுக் கதவை நானே தட்டிட்டு உள்ள போறேன். ஏன் தட்டுறேன்னு எனக்கே தெரியல. என் சம்சாரம் பாத்திரத்தைச் சத்தம் வராம எடுத்து வைக்கிறா. பிள்ளைங்க தண்ணி குடிக்கிறதுன்னாகூடக் கேட்டுட்டுத்தான் குடிக்குதுங்க."

"யாருகிட்ட கேக்குதுங்க?"

கண்டக்டர் தொப்பியை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பேய் பிசாசுன்னு ஏதாவது நினைக்கிறீங்களா?" என்று கேட்டார் தராசக்கா.

"பேய்னா அன்னைக்கே ஓடிப்போயிருப்போமே மேடம். இது அப்படி இல்ல. யாரோ இருக்குற வீட்டுல நாங்க விருந்தாளியா இருக்குற மாதிரி. அவங்க நல்லவங்கதான், ஒரு தொந்தரவும் இல்ல. ஆனா எத்தனை நாளைக்குத்தான் விருந்தாளியா இருக்குறது?"

சாவியை மேசையில் வைத்தார். விதிப்படி அவர் பெயர் வரிசையின் கடைசிக்குப் போயிற்று. மனைவியும் பிள்ளைகளும் மச்சினன் வீட்டு மொட்டைமாடியில் தார்ப்பாய் கட்டிக்கொண்டு கிடக்கிறார்கள் என்று பல வாரங்கள் கழித்துத் தெரியவந்தது. அன்றைக்கு வீட்டில் தராசக்கா தட்டைத் தொடாமலே எழுந்துவிட்டார். கணவரும் கேலி பேசவில்லை.

மறுநாள் பிற்பகல் அந்த வீட்டைப் பார்க்கப் போனார். கூட வந்தவர் அவருடைய பிரிவின் மூத்த களப்பணியாளர். தராசக்கா அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். பூட்டைத் திறந்துவிட்ட அண்ணன், வாசற்படியைத் தாண்டவில்லை. "நீங்க பாத்துட்டு வாங்கம்மா. உள்ள போனா என் போனுக்கு சிக்னல் கிடைக்காது."

"உங்க போன்ல சார்ஜே இல்லன்னு வழியில சொன்னீங்களேண்ணே."

"அதுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்."

வீடு பல வாரங்களாகப் பூட்டிக் கிடந்தது. தரையில் தூசி படிந்திருந்தது. நடந்தபோது காலடி பதிந்தது. சமையலறைச் சன்னலை ஒட்டிய மூலைக்கு வந்ததும் நின்றார். அங்கே ஒரு பாய் விரிக்கிற அளவு இடத்தில் மட்டும் தூசியே இல்லை. குனிந்து விரலால் தடவிப் பார்த்தார். கழுவித் துடைத்த தரைபோலக் குளிர்ச்சியாக இருந்தது.

"அந்த மூலையைத்தானே பாக்குறீங்க?" என்றார் அண்ணன் வாசலிலிருந்தே. "மூணு குடும்பத்தையும் விசாரிக்க நான்தாம்மா வந்தேன். மூணு பேருமே அந்த இடத்துல ஒரு சாமானும் வைக்கல. கண்டக்டர் கட்டிலை நடைவழியில போட்டு வச்சிருந்தாரு. அங்க போடலாமேன்னு கேட்டேன். பேச்சை மாத்திட்டாரு."

தராசக்கா வழக்கம்போலக் கூடத்தின் நடுவில் கைப்பையை வைத்து மல்லாந்து படுத்தார். எத்தனையோ காலி வீடுகளில் படுத்தவர்; எதிலும் தூங்கியதில்லை. இங்கே தூங்கிவிட்டார். கண் விழித்தபோது சுவரில் வெயில் பழுத்திருந்தது. நடுவில் படுத்தவர் எதிர்ச்சுவரோடு ஒட்டிக்கொண்டு, முழங்காலை மடக்கி, உடம்பைக் குறுக்கிக் கிடந்தார். நெரிசலான ரயிலில் பக்கத்தில் இருப்பவர் காலை நீட்டட்டும் என்று நாம் ஒடுங்கிக்கொள்வோமே, அப்படி. கைப்பை தலைக்கு அடியிலேயே இருந்தது. தூக்கத்தில் அதையும் எடுத்துக்கொண்டுதான் ஒதுங்கியிருக்கிறார்.

பயம் வரவில்லை, கூச்சம்தான் வந்தது. அழைக்காத வீட்டில் அயர்ந்துவிட்டோமே என்ற கூச்சம். சேலையைச் சரிசெய்துகொண்டு வேகமாக வெளியே வந்தார். வாசலில் திரும்பி, "அப்போ வர்றேங்க" என்றார்.

அண்ணன் பூட்டைக் கையில் பிடித்தபடி நின்றார். "யாருகிட்டம்மா சொன்னீங்க?"

"உங்ககிட்டதான்."

"நானும் உங்ககூடத்தானே வர்றேன்?"

தராசக்கா அதற்குள் படியிறங்கத் தொடங்கியிருந்தார்.

மறுநாள் காலையில் தலைமை அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். கெட்ட மனிதர் இல்லை. தலைக்கு மேல் வேலை உள்ளவர். எந்தச் சிக்கலையும் ஒரு கோப்பை காப்பி ஆறுவதற்குள் முடித்துவிட வேண்டும் அவருக்கு.

"ஒரு வீட்டுக்குப் போய் இவ்வளவு யோசிக்கணுமா? ரொம்பக் கஷ்டப்படுற குடும்பமா ஒண்ணைப் பாத்துக் குடுத்துடுங்க. போக இடம் இல்லாதவங்க திருப்பித் தரமாட்டாங்க. வாயைத் திறக்கவும் மாட்டாங்க."

தராசக்காவுக்கு நேற்று ஒடுங்கிப் படுத்த முழங்கால் இன்னும் வலித்தது.

"அவங்க வாயைத் திறக்க மாட்டாங்கன்னுதானே சார் நம்மள இங்க உக்கார வச்சிருக்காங்க?"

"சரிம்மா, அதுக்காக? பேய்க்கெல்லாம் விதி எழுத முடியுமா?"

"பேய்க்கு வேண்டாம் சார். மனுஷங்களுக்கு எழுதலாம். வேண்டாம்னு சொல்றவங்களைக் கடைசியில தள்ளினா, வசதி இருக்குறவன் பொறுத்துக்குவான். இல்லாதவன் எதைக் குடுத்தாலும் வாங்கிக்குவான். ஒரே சட்டம்தான். ஆனா ரெண்டு பேருக்கும் ஒரே கனமா இல்ல."

"விட்டுட்டா பழையபடி எல்லாரும் முன்பக்க வீடு கேப்பாங்களே?"

"கேக்க முடியாது சார். வேண்டாம்னா மறுபடி குலுக்கல்தான். எது விழுமோ யாருக்குத் தெரியும்? பொறுக்கி எடுக்க வழியில்ல, இழப்பும் இல்ல. வீட்டை ஏத்துக்குறதுக்கு முன்னாடி சாவியை வாங்கிட்டுப் போய் ஒரு வாரம் இருந்து பாக்கட்டும். வேண்டாம்னா காரணம் சொல்ல வேண்டியதில்ல."

"காரணம்கூட வேண்டாமா?"

"சொல்ல முடியாத காரணமும் இருக்கு சார்."

காப்பி ஆறிப்போயிருந்தது. அதிகாரி கையெழுத்துப் போட்டார். நகர்மன்றத்தில் இரண்டு உறுப்பினர்கள் குதித்தார்கள், பிறகு அடங்கினார்கள். கண்டக்டரின் பெயர் மீண்டும் பெட்டிக்குள் போயிற்று. தரைத்தளத்தில் பின்பக்கம், குப்பைத் தொட்டியை ஒட்டிய வீடு விழுந்தது. தராசக்கா பயந்துகொண்டேதான் இருந்தார். ஆனால் கண்டக்டர் நன்றி சொல்ல வந்துவிட்டார். "நாத்தம் குடலைப் பிடுங்குது மேடம். பிள்ளைங்க ஒரே கூச்சல். எங்க வீடு."

மூன்றாம் மாடிக் கடைசி வீட்டின் சாவி மட்டும் போவதும் வருவதுமாக இருந்தது. இருந்து பார்த்த ஒவ்வொருவரும் காரணம் சொல்லாமல் சாவியை வைத்துவிட்டுப் போனார்கள்; தராசக்காவும் கேட்கவில்லை. பிறகு அது ஒரு தையல்காரிக்கு விழுந்தது. கணவன் கடல்கடந்து வேலைக்குப் போய்ப் ஒரு தகவலும் இல்லாமல் போய்விட்டவன். அவளும் கல்லூரிக்குப் போகும் மகளுமாக, ஒரு வீட்டின் பின்னறையில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரம் கழித்து வந்து, அந்த வீடே போதும் என்றாள்.

தராசக்காவுக்கு மனம் ஒப்பவில்லை. "போக இடமில்லைன்னு சரிங்கிறியாம்மா? வேண்டாம்னா உனக்கு ஒரு நஷ்டமும் இல்ல. அடுத்த குலுக்கல்லயே பேரைச் சேத்துடுவேன்."

"தெரியும் மேடம், அண்ணன் சொன்னாரு. நான் கல்யாணம் ஆனதுலேர்ந்து அடுத்தவங்க வீட்டுலதான் இருந்திருக்கேன். இப்ப இருக்குற இடத்துல வீட்டுக்காரம்மா நினைச்ச நேரம் கதவைத் திறந்துட்டு உள்ள வருவாங்க. பெட்டியைத் திறந்து பாப்பாங்க. இங்க அப்படி இல்ல. அவங்கபாட்டுக்கு அவங்க, நாங்கபாட்டுக்கு நாங்க." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரித்தாள். "ஆமா, தண்ணி வரி ரெண்டு குடித்தனத்துக்கா போடுவீங்க?"

தராசக்காவும் சிரித்தார். ஆனாலும் சந்தேகம் விடவில்லை. அவர்கள் குடிபோன பிறகு ஒரு காலையில், அண்ணனைக்கூடக் கூப்பிடாமல், தனியாகப் போய்ப் பார்த்தார்.

கதவு திறந்தே இருந்தது. மகள் உரத்த குரலில் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் ஏதோ கொதித்தது, பாத்திரங்கள் கலகலத்தன. ஒண்டியிருப்பவர்களின் வீடாக அது தெரியவில்லை. தராசக்காவுக்குப் பாதி பாரம் இறங்கியது. தையல்காரி அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு மறுபடி மெஷினில் உட்கார்ந்தாள். மெஷின் நடைவழி ஓரத்தில், மங்கலான இடத்தில் கிடந்தது. ஊசியில் நூல் கோக்கக் கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். சமையலறைச் சன்னல் மூலையில் காலை வெளிச்சம் கொட்டிக் கிடந்தது. அங்கே ஒன்றுமே இல்லை.

"வெளிச்சம் அங்க நல்லா இருக்கே. மெஷினை அங்க போட்டுக்கலாமே?" கேட்ட பிறகுதான் தராசக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கேட்டுப் பாத்தேன் மேடம்" என்றாள் அவள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "மதியத்துக்கு மேல போட்டுக்கச் சொல்லிட்டாங்க."

மெஷின் ஓடத் தொடங்கியது. கொடுத்த தண்ணீரைத் தராசக்கா குடித்து முடித்தார். மகளிடம் நன்றாகப் படிக்கச் சொன்னார். செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

இரண்டாம் மாடித் திருப்பத்தில் சட்டென்று நின்றார். கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, சுவரோடு ஒட்டி ஒருபக்கமாகத் திரும்பி, சுமையோடு மேலே ஏறி வருகிற ஒருவருக்கு விடுவதுபோல வழிவிட்டார். படிக்கட்டில் யாரும் இல்லை. கடந்துபோகிற நேரம்வரை அப்படியே நின்றிருந்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டதே என்று விறுவிறுவென்று கீழே இறங்கிப் போனார்.