வருஷத்துக்கு ஒரு ரோல்

கதவு திறந்தால் ஜெனீன் உலெட் பிள்ளையைப் பார்ப்பதில்லை. பிள்ளைக்குப் பின்னால் தெரியும் சுவரைப் பார்ப்பார். பள்ளிப் பேருந்தில் ஓட்டுநரின் இருக்கை உயரமானது. ஜனவரி மாதத்தில் லூயிஸ்டனில் காலை ஏழு மணிக்கும் வெளிச்சம் வராது, வீடுகளுக்குள் விளக்கு எரியும். ஒரு கையுறையை மாட்டிக்கொண்டு இன்னொன்றைத் தேடிப் பிள்ளை வாசலில் தடுமாறும் நேரத்துக்குள் ஜெனீன் அந்த வீட்டின் முன்கூடத்தைப் பார்த்து முடித்துவிடுவார். "டுபோயி வீட்ல மறுபடியும் அதே சாம்பல் பெயின்ட். துணிஞ்சு ஒரு நிறம் வாங்கினா என்னவாம்?" என்று தனக்குப் பின்னால் முதல் இருக்கையில் யார் இருந்தாலும் கேட்பார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று பெரிய மனிதரைப்போல் தலையாட்டும்.

வயது அறுபத்திரண்டு. குள்ளம். இருக்கையில் இரண்டு மெத்தைகள் போட்டுத்தான் உட்காருவார். இருபத்தாறு வருடங்களாக ஓட்டுகிறார். பனிச்சறுக்கலில் ஒருமுறை கூட வண்டியை ஓரப் பள்ளத்தில் விட்டதில்லை. கண்ணாடியில் பார்த்தபடியே அதட்டுவார்: "பின்னாடி யாருடா அது நின்னுட்டு வர்றது? இந்த வண்டியில நிக்கற உரிமை எனக்கு மட்டும்தான். நானே உக்காந்திருக்கேன்." வாசலில் அழும் சின்னதுகளிடம் குரல் இறங்கும். "ஏறு கண்ணு, ஏறு. உங்கம்மா எங்கயும் போக மாட்டாங்க. சாயங்காலம் இதே இடத்துல, இதே கவுன்ல நிப்பாங்க, பாரேன்."

இந்தச் சுவர் பார்க்கும் வழக்கம் மேப்பிள் தெருவில் ஒரு வீட்டில் தொடங்கியது. பல்லுக்குக் கம்பி கட்டிய ஒரு பெண் குழந்தை தினமும் தாமதமாகத்தான் வெளியே வரும். வேறு வீடாக இருந்தால் ஜெனீன் ஹாரன் அடித்திருப்பார். அந்த வீட்டில் அடிக்க மாட்டார். திறந்த கதவுக்குப் பின்னால் மாடிப்படி தெரியும். படியோடு கூடவே ஒரு சுவர் மேலே ஏறும். அதில் நீலமும் பச்சையும் கலந்த வெளிர் நிறத்தில் வால்பேப்பர், முழுக்கக் கிளைகள், கிளைகளில் பழுப்பு நிறச் சிட்டுக்குருவிகள். ஒரு குருவி மட்டும் திரும்பி வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு பனிக்காலங்கள் அதைப் பார்த்தார். பிறகு அந்தக் குடும்பம் போர்ட்லாண்டுக்குப் போய்விட்டது. புதிதாக வந்தவர்கள் அந்தச் சுவரை என்ன செய்தார்கள் என்று பார்த்த அன்று இரவு உணவின்போது கணவர் நார்மன்டிடம் சொன்னார். "வெள்ளை அடிச்சுட்டாங்க, நார்ம்." யாரோ தெரிந்தவர் இறந்துபோன செய்திபோல இருந்தது அது. நார்ம் பீன்ஸ் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "யாருக்கு என்ன ஆச்சு?" என்றார்.

அந்த வசந்தத்தில்தான் ஜெனீன் முதல்முறையாக அர்மான் போல்டக்கைக் கூப்பிட்டுத் தன் வீட்டிலும் அதே குருவித் தாள் ஒட்ட விலை கேட்டார்.

அர்மான் ஊரில் வால்பேப்பர் ஒட்டுபவர். இருவரும் சிறுவயதில் ஒரே கன்னிகாஸ்திரீயிடம் அடிஸ்கேலால் அடி வாங்கியவர்கள். உலெட் வீட்டின் மாடிப்படிச் சுவரை அளந்து அவர் சொன்ன தொகை ஆயிரத்துத் தொள்ளாயிரம் டாலர். அதுவும் கூலி மட்டும். "கூடத்துச் சுவர்னா பாதி விலையில முடிச்சுடுவேன். இது படிக்கட்டு ஜெனீன், படிக்கட்டு! ஏணி நேரா நிக்காது. ரெண்டு ஏணி, நடுவுல பலகை, பலகை மேல நான். நான் விழுந்தா என் பெண்டாட்டி இங்கதான் வந்து குடியிருப்பா. அப்புறம் இந்தப் பூச்சைப் பாரு, தட்டினா கொட்டுது. பட்டி பார்க்கணும், தேய்க்கணும், ப்ரைமர் அடிக்கணும். தாளைத் தொடறதுக்கு முன்னாடியே ரெண்டு நாள் போயிடும்."

"தாள்?"

"அது உன் பாடு. பதினோரு ரோல் ஆகும். குருவிக்குக் குருவி சேரணும்னா நெறைய வெட்டிப் போட வேண்டியிருக்கும்."

அதன் பிறகு ஒவ்வொரு வசந்தத்திலும், சாலையோரப் பனி கரைந்து ஊரே சேறாகக் கிடக்கும் வாரத்தில், ஜெனீன் அர்மானைக் கூப்பிட்டார். அவரும் வந்தார். பன்றிக்கறியை மாவுக்குள் வைத்துச் சுட்ட பை ஒரு துண்டு, காபி, பிறகு அளவு. "இந்தச் சுவரை என் பெண்டாட்டி முகத்தை விட எனக்கு நல்லாத் தெரியும். எதுக்கு மறுபடி அளக்கணும்?" என்பார். "வளர்ந்திருக்கலாம்ல. அள," என்பார் ஜெனீன். சுவர் வளரவில்லை, விலை வளர்ந்தது. ஒரு வருடம் இரண்டாயிரத்து இருநூறு. இன்னொரு வருடம் இரண்டாயிரத்து எண்ணூறு. கடைசியாக மூவாயிரத்து நானூறில் வந்து நின்றது. சேர்த்த பணத்தை ஒருமுறை நார்மின் லாரி தின்றது, ஒருமுறை கூரை, ஒருமுறை வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ், ஒருமுறை மகள் லிசெட்டின் நர்ஸ் படிப்பு. ஒவ்வொரு முறையும் அர்மான் கோட்டை மாட்டிக்கொண்டே சொல்வது ஒன்றுதான்: "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

கூலியைத் துண்டு துண்டாக வாங்க முடியாது. தாளை வாங்கலாம். இது ஜெனீனின் கண்டுபிடிப்பு. பள்ளியின் ஐஸ் ஹாக்கி அணியை வெளியூர் ஆட்டங்களுக்கு ஏற்றிப் போனால் தனிச் சம்பளம் உண்டு. ஆட்டம் முடியும்வரை மைதானத்துக்கு வெளியே உறையும் குளிரில் இன்ஜினை அணைக்காமல் காத்திருக்க வேண்டும். அதில் வீட்டுச் செலவு போக மிஞ்சுவதை வைத்து, ஒவ்வொரு பருவம் முடிந்ததும் தபாலில் ஒரு ரோல் வரவழைப்பார். அதே நீலப்பச்சை, அதே குருவி. பிளாஸ்டிக் உறையைப் பிரிக்க மாட்டார், வெளிச்சம் பட்டால் வெளுத்துவிடும் என்று பயம். தேவதாரு மரப் பெட்டியில் கிறிஸ்துமஸ் பொருட்களுக்கு அடியில் அடுக்கி வைப்பார். லேபிளில் அச்சாகியிருக்கும் கட்டைவிரல் அளவுக் குருவியைப் பார்த்துவிட்டு மூடி வைப்பார். நார்முக்குத் தெரியும். "சுவருக்கு எதுக்குச் சட்டை? குளிருதுன்னு உன்கிட்ட வந்து சொல்லிச்சா?" என்று சீண்டுவார். ஆனால் பெட்டியின் மீது ஈரத் துணி எதையும் போட மாட்டார்.

போன வருடம் பதினோராவது ரோல் வந்தது. இந்த மார்ச்சில் நார்ம், பனியில் ஓட்டும் தன் ஸ்னோமொபீலை விற்றார். முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்றார். மூவாயிரத்து ஐந்நூறு டாலரை ஜெனீனின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "சத்தம் போடாம எடுத்துக்க. ஃபர்னஸ் காதுல விழுந்தா அது ரிப்பேராயிடும்."

ஏப்ரலில் பள்ளி விடுமுறை வாரம். அர்மான் பட்டி பார்த்து, தேய்த்து, வெள்ளை ப்ரைமர் அடித்து முடித்தார். மூன்றாம் நாள் காலையில் கூடத்தில் பசை மேசையை விரித்தார். ஜெனீன் பெட்டியிலிருந்து ரோல்களை இரண்டிரண்டாகத் தூக்கி வந்தார், உறங்கும் குழந்தைகளைத் தூக்குவதுபோல. அர்மான் பேசிக்கொண்டே வேலை செய்பவர். மூன்றாவது ரோலை விரித்ததும் பேச்சு நின்றது. இரண்டு தாள்களின் நுனிகளை ஜன்னலுக்குக் கொண்டுபோனார். நெற்றியில் இருந்த மூக்குக்கண்ணாடியை இறக்கி லேபிள்களைப் படித்தார். பிறகு காலியாக இருந்த பசை வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்தார்.

"இதெல்லாம் எப்ப வாங்கினே?"

"வருஷத்துக்கு ஒண்ணு."

"வருஷத்துக்கு ஒண்ணு," என்று அர்மான் திரும்பச் சொன்னார். "ஜெனீன், இங்க வா. ரெண்டையும் சேத்துப் பிடி. இது நீலம். இது பச்சை. தெரியுதா?"

தெரிந்தது.

"அச்சடிக்கறவன் ஒவ்வொரு தடவையும் புதுசா மை கலக்குவான். அதே அளவுதான் போடுவான், ஆனா ஒரு தடவை மாதிரி மறு தடவை வராது. உன் பன்றிக்கறி பை மாதிரிதான். அதனாலதான் ஒரு சுவருக்கு ஒரே தடவையில அடிச்ச தாளா மொத்தமா வாங்கணும். எல்லா ரோல்லயும் லேபிள்ல இருக்கற லாட் நம்பர் ஒண்ணா இருக்கணும். உன்கிட்ட பதினோரு ரோல், பதினோரு நம்பர்."

"நீ சொல்லவே இல்லையே."

"எல்லாருக்கும் சொல்வேன். உனக்குத்தான்..."

"எனக்குத்தான்?"

அர்மான் வாளியின் விளிம்பைச் சுரண்டினார். "நீ வாங்குவேன்னு நான் நினைக்கல. காபிக்குக் கூப்பிடறேன்னு நினைச்சேன்."

நார்ம் படிக்கட்டிலிருந்து, "நான் வேணா போய் ஸ்னோமொபீலைத் திரும்பக் கேக்கட்டுமா?" என்றார். பதினோரு ரோலையும் ஒரே தொகுதியாகப் புதிதாக வாங்கினால் கூலியில் பாதிக்கு மேல் ஆகும். அந்தப் பணம் வீட்டில் இல்லை. சுவர் வெள்ளை ப்ரைமரோடு நின்றது. ஜெனீன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் கெட்டுப் போகல," என்றார் அர்மான். "அடுத்த வருஷம் பாத்து..."

"அந்த வார்த்தையை இந்த வீட்டுக்குள்ள இனிமே சொல்லாதே."

அர்மான் மூக்குக்கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றினார்.

"குருவி சேருமா?" என்று ஜெனீன் கேட்டார்.

"என்னது?"

"ஒரு தாள்ல தலை வருது, அடுத்த தாள்ல உடம்பு வருது. அது ரெண்டும் சேருமா, சேராதா?"

"அச்சு ஒண்ணுதான். சேரும். நிறம்தான் சேராது."

"அப்ப ஒட்டு."

"உனக்கென்ன பைத்தியமா? கதவைத் திறந்த உடனே தெரியும். யார் ஒட்டினதுன்னு ஊர்ல கேப்பாங்க."

"நார்ம் ஒட்டினார்னு சொல்லிடறேன்."

"நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்றார் நார்ம்.

அர்மான் எழுந்தார். இந்தத் தொழிலில் இதற்கும் வழி உண்டு என்றார். ரொம்பப் பச்சையாக இருப்பதைக் கோட் மாட்டும் ஸ்டாண்டுக்குப் பின்னால் போடலாம். வெளிறியதை மேலே, குளியலறைக் கதவுப் பக்கம் தள்ளலாம். மீதியைக் கலந்து ஒட்டினால் கண் ஏமாந்துவிடும். அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஜெனீன் ரோல்களைக் கைகளில் அள்ளிக்கொண்டு படிக்கட்டுக்குப் போனார். படிக்கு ஒன்றாக வைக்கத் தொடங்கினார். லேபிளைப் பார்க்கவில்லை. உறையில் காபி கொட்டிய கறை இருந்தது ஒன்றில். "இது நம்ம ஹாக்கி கோல்கீப்பர் பையன் காலை ஒடிச்சுக்கிட்ட வருஷம்." ஒரு முனை நசுங்கியது இன்னொன்று. "இது பேங்கர் ஊர்ல போய் ஆட்டத்துல தோத்தோமே, அந்த வருஷம். பசங்க வழி முழுக்க ஒரு வார்த்தை பேசல. நான் பாட்டு போட்டேன், வேண்டாம்னுட்டாங்க." இப்படியே ஏறிக்கொண்டு போனார். நடுவில் இரண்டு படிகளை வெறுமையாக விட்டுவிட்டு அதற்கு மேல் வைத்தார்.

"அந்த ரெண்டு படி?" என்றார் அர்மான்.

"ரோல் வாங்காத வருஷம். ஒண்ணு ஃபர்னஸ். ஒண்ணு இவரோட நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன் பண்ணினது."

நார்ம் எழுந்து அந்த வெறும் படிகளிலிருந்து விலகி நின்றார்.

"இந்த வரிசையிலதான் ஒட்டணும்," என்றார் ஜெனீன். "கீழ இருந்து மேல. கலக்காதே."

அர்மான் தூக்குக்குண்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு முதல் கோட்டைப் பென்சிலால் போட்டார். முனகிக்கொண்டேதான் போட்டார். பலகையின் மறுமுனையை நார்ம் பிடித்துக்கொண்டார். இரண்டரை நாள் ஆனது. குருவிகள் சேர்ந்தன. தலைக்கு உடம்பும் கிளைக்குக் கிளையும் மயிரிழை பிசகாமல் வந்தன. வாசலருகே பாலில் கரைத்த நீலமாகத் தொடங்கிய சுவர், படிக்குப் படி தெரியாமல் மாறி, மாடியில் பாசி நிறத்துக்குப் போயிருந்தது. அடுத்தடுத்த வருடங்களின் தாள்களுக்கிடையே உற்றுப் பார்த்தால்தான் வித்தியாசம். நடுவில் ஒரே ஓர் இடத்தில் மட்டும், இரண்டு வருடம் விட்டு வாங்கிய தாள் வந்து சேரும் இடத்தில், மேலிருந்து கீழ்வரை கத்தியால் கீறியதுபோல் ஒரு நேர்கோடு. அங்கே ஒரு குருவியின் முன்பாதி நீலக் காற்றிலும் பின்பாதி பச்சைக் காற்றிலும் இருந்தது.

அர்மான் கூலியில் ஒரு டாலர் குறைக்கவில்லை. ஜெனீனும் கேட்கவில்லை. தூரிகைகளைக் கழுவிவிட்டு வந்து, வாசலில் நின்று தன் வேலையைப் பார்த்தார் அர்மான். "நல்லாத்தான் இருக்கு, சண்டாளி," என்றார். பிறகு அந்த நேர்கோட்டைக் காட்டினார். "இங்க மட்டும் ஒரு படம் மாட்டிடு. உங்க கல்யாணப் படம் கச்சிதமா மறைக்கும். நான் எல்லார் வீட்லயும் சொல்றதுதான்."

அவர் போன பிறகு ஜெனீன் நடுப்படியில் உட்கார்ந்தார். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. நார்ம் பக்கத்தில் வந்து நின்றார். கல்யாணப் படம் அக்குளில், சுத்தியல் ஒரு கையில், ஆணி உதடுகளுக்கிடையே. ஆணியைக் கடித்தபடியே கேட்டார்: "அந்த மேப்பிள் தெரு வீட்ல இருந்த மாதிரியே இருக்கா?"

ஜெனீன் கீழிருந்து மேல்வரை பார்த்தார். அவசரப்படவில்லை.

"இல்ல," என்றார். "அது வேற."

நார்ம் படத்தைக் கோட்டின் மேல் வைத்து உயரம் பார்த்தார். கொஞ்சம் ஏற்றினார், கொஞ்சம் இறக்கினார். சரியாக மறைந்தது. ஆணிக்காக வாயருகே கையைக் கொண்டுபோனார். அதற்குள் ஜெனீன் எழுந்து, அவர் உதடுகளிலிருந்து ஆணியை உருவித் தன் ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொண்டார்.