மாமாவும் மூன்று கிமினாக்களும்

போலந்து நாட்டின் தென்கிழக்கு மூலையில், உக்ரேன் எல்லையோரமாக, பியெஷ்சாடி என்றொரு மலை மாவட்டம் இருக்கிறது. அதற்குள் கிமினா எனப்படும் மூன்று உள்ளூராட்சிப் பிரிவுகள்: உஸ்ட்ஷிக்கி டோல்னே, சார்னா, லுட்டோவிஸ்கா. பத்து வயதில் இது எனக்கு மனப்பாடம். அதே வயதில், அப்பா பிறந்த ஊர் யாழ்ப்பாணத்தின் எந்தப் பிரதேச செயலகத்துக்குள் வருகிறது என்று யாராவது கேட்டிருந்தால் திருதிருவென விழித்திருப்பேன். அதை எனக்குக் காஷாதான் சொன்னாள்.

காஷா, கிழக்கு லண்டன் குட்மேய்ஸில் என்னோடு ஒரே வகுப்பில் படித்த போலந்துப் பிள்ளை. எங்கள் ஆசிரியை அந்த ஆண்டு ஒரு ஏற்பாடு செய்தார். இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து, ஒருவர் குடும்பத்தின் ஊரைப் பற்றி மற்றவர் எழுத வேண்டும். மலை என்ன, ஆறு என்ன, யார் நிர்வாகம் செய்கிறார்கள் என்பதையெல்லாம் ஒரு பெரிய அட்டையில் ஒட்டவேண்டும். கடைசியில் தகவல் எங்கிருந்து வந்தது என்று எழுத வேண்டும். அதில் ஒன்றாவது அந்த இடத்தை நேரில் பார்த்த மனிதராக இருக்க வேண்டும்.

காஷாவுக்கு என் அம்மா கிடைத்தார். இரண்டு சனிக்கிழமைகள் எங்கள் குசினியில் இருந்து ரோல்ஸ் சாப்பிட்டபடி, தெல்லிப்பழை, சங்கானை என்று எழுத்துக்கூட்டி எழுதிக்கொண்டு போனாள். எனக்குக் கிடைத்தது காஷாவின் அப்பா. சுவர்களுக்குப் பூச்சு வேலை செய்பவர். கண் இமையிலும் வெள்ளைத் தூசியோடு வீட்டுக்கு வருவார். என் ஒவ்வொரு கேள்விக்கும் அநேகமாக ஒரு சொல்லில் பதில் சொன்னார். ஆனால் நிர்வாகம் பற்றிக் கேட்டபோது மட்டும் உற்சாகமாகி, ஒரு காகிதத்தில் பெட்டி பெட்டியாகக் கீறிக் காட்டினார். மாவட்டத்துக்கு ஒரு ஸ்டாரோஸ்டா. அதன்கீழே கிமினாக்கள். பட்டணம் உள்ள கிமினாவுக்கு மேயர். மற்ற இரண்டுக்கும் வூயித் என்றொருவர். எல்லாவற்றுக்கும் அடியில், ஊருக்கு ஒரு சோல்டிஸ். அவர் வீட்டுச் சுவரில் ஒரு சிறு சிவப்புப் பலகை தொங்கும், தேடி வருகிறவர்கள் கண்டுபிடிப்பதற்காக. போகும்போது, மடிப்புகளில் கிழிந்து செலோடேப் ஒட்டிய ஒரு நடைபயண வரைபடத்தையும் தந்தார்.

அப்போதே என்னிடம் ஒரு கொப்பி இருந்தது. அதில் எல்லாவற்றுக்கும் இலக்கம் போட்டிருப்பேன். பட்டியல் போடாவிட்டால் எனக்கு ஒன்றும் விளங்காது. இன்றைக்கும் அப்படித்தான், என்ன, இப்போது அதற்குச் சம்பளம் தருகிறார்கள்.

மாமா அம்மாவின் தம்பி. முந்திய ஆண்டுக் கடைசியில் வந்து தஞ்சம் கேட்டுவிட்டு, எங்கள் வீட்டின் மிகச் சின்ன அறையில் இருந்தார். வேலை செய்ய அனுமதி இல்லை. இரண்டு கிழமைக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்து வைப்பார். மற்ற நாட்களில் கறிக்கு வெங்காயம் வெட்டுவதும், என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வருவதும் அவர் வேலை.

அவர் எப்படி வந்தார் என்பதை வீட்டில் யாரும் பேசுவதில்லை. ஐரோப்பாவில் எந்த நாட்டில் ஒருவர் முதலில் கால் வைத்தாரோ அந்த நாட்டுக்கே அவரைத் திருப்பி அனுப்பலாம் என்று அப்போது ஒரு விதி இருந்தது. மாமா முதல் விசாரணையில் உண்மையைத்தான் சொல்லியிருந்தார்: ஏஜென்சிக்காரன் நடக்கச் சொன்ன இடத்தில் நடந்தேன், ஏறச் சொன்ன லொறியில் ஏறினேன், எந்தெந்த நாடு என்று தெரியாது. அது அவருக்கு உண்மையாகவே தெரியாது. ஹோம் ஒபிஸ் அதிகாரிகளும் அதைத் திருப்பித் திருப்பிக் கேட்டுவிட்டு, இன்னொரு விசாரணைக்குத் திகதி தருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தவை. அப்போது எனக்குத் தெரிந்தது, மாமா பிளேனில் வந்தார் என்பது மட்டும்தான்.

ஒரு மாலை நான் சாப்பாட்டு மேசையில் அந்த வரைபடத்தை விரித்து வைத்திருந்தேன். அதன் பின்பக்கம் முழுக்கப் படங்கள். மரமே இல்லாமல் புல் மட்டும் மூடிய மலைமுதுகுகள். ஒரு சிறிய ஆறு. ஆற்றங்கரையில், வெள்ளையும் சிவப்பும் பூசிய ஓர் எல்லைக் கட்டை. மாமா வெங்காயம் வெட்டிய கத்தியோடு குசினியிலிருந்து வந்தவர், அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றார்.

"உது எந்த நாடு, பிள்ளை?"

சொன்னேன். அவர் கத்தியை வைத்துவிட்டுக் கதிரையை இழுத்து இருந்தார். ஆற்றுக்குப் பெயர் என்ன என்று கேட்டார். சான் என்றேன். அந்த மாவட்டத்தில் கொஞ்சத் தூரத்துக்கு அதுதான் எல்லை, இந்தக் கரை போலந்து, அந்தக் கரை உக்ரேன். அவர் விரலை ஆற்றின் மேலேயே வைத்து மெல்ல மெல்ல நகர்த்தினார். முழங்கால் வரைக்கும்தான் தண்ணீர் இருக்கும், ஆனால் கல்லெல்லாம் வழுக்கும் என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, பார்த்தால் தெரியாதோ என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

அதற்குப் பிறகு நான்கு நாட்கள், பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நாங்கள் இருவரும் வரைபடத்தின் முன்னால்தான். பெரியவர் ஒருவர் என் வீட்டுப்பாடத்தில் இவ்வளவு அக்கறை காட்டியது அதுவே முதல் தடவை. அவர் என்னை விடவும் கூடுதலாகக் கேள்வி கேட்டார். வீடே இல்லாத இடத்தில் வரிசையாக அப்பிள் மரங்கள் நிற்க முடியுமா என்று கேட்டார். நான் நூலகக் கணினியில் தேடினேன். முடியும். போருக்குப் பிறகு அந்தப் பள்ளத்தாக்கின் ஊர்களை அரசாங்கம் வெறுமையாக்கிவிட்டது, ஆட்களை எங்கெங்கோ ஏற்றி அனுப்பியது, பழமரங்கள் மட்டும் நிற்கின்றன. வந்து சொன்னேன். மாமா அந்தப் பழம் சரியான புளிப்பு என்றார்.

ஆட்சிப் பெட்டிகளையும் விளக்கினேன். கிமினா என்றால் நம்முடைய பிரதேச சபை மாதிரி, சோல்டிஸ் என்றால் அம்மா சொன்னபடி விதானையார். சிவப்புப் பலகையைச் சொன்னதும் மாமா நிமிர்ந்தார்.

"சின்னச் சிவப்புப் பலகையோ? வாசலுக்குப் பக்கத்திலயோ?"

"ஓம். சோல்டிஸ் வீடு."

"அப்ப அது பொலிஸ் இல்லையே?"

"இல்லை மாமா, விதானையார்."

மாமா சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். ஆற்றைக் கடந்து நடந்த நான்கு நாளில், விதானையார் வீட்டுக்குப் பயந்து ஒரு பகலும் ஒரு இரவும் மழையில் பற்றைக்குள் கிடந்தோமே என்று, என்னிடம் சொல்வதுபோலவும் இல்லாமல், சொன்னார். நான் அதையும் கொப்பியில் எழுதிக்கொண்டேன். இலக்கம் பதினேழு.

அட்டையின் அடியில், தகவல் தந்தவர்கள் என்ற தலைப்பின் கீழ் மூன்று பெயர்க்குறிப்புகள். ஒன்று காஷாவின் அப்பா. இரண்டு நூலகம். மூன்றாவதை எழுதும்போது எனக்குப் பெருமையாக இருந்தது: 'என் மாமா. ஆற்றைக் கடந்து அந்த மாவட்டத்துக்குள் நான்கு நாட்கள் நடந்தவர்.' வகுப்பில் வேறு ஒருவருக்கும் அப்படி ஓர் ஆள் இல்லை. ஆசிரியைக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. மூன்று அட்டைகளைத் தெரிந்தெடுத்துக் கவுன்சில் நூலகத்தில் காட்சிக்கு வைத்தார்கள். அதில் ஒன்று என்னுடையது.

சனிக்கிழமை அம்மா நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார். ஆங்கிலத்தை ஆறுதலாக வாசிப்பவர் என்பதால் தலைப்பையும் என் பெயரையும் வாசித்துவிட்டு, போனில் படம் எடுத்துக் கனடாவிலுள்ள பெரியம்மாவுக்கு அனுப்பினார். எங்கள் ஆட்கள் எதையும் முழுதாக வாசிக்க முன்னர் கனடாவுக்கு அனுப்பிவிடுவார்கள். வீடு வந்து சேர்வதற்குள் பெரியம்மா அழைத்துவிட்டார். அவரின் பிள்ளைகள் அங்கே கடைசி வரி வரை வாசித்திருந்தார்கள்.

"ஏனடி, தம்பி போலந்துக்குள்ளாலயோ வந்தவன்? நீ எனக்குச் சொல்லவே இல்லை."

அம்மா போனை வைத்துவிட்டுக் கோட்டைக் கழற்றாமலே கதிரையில் இருந்தார். மாமாவின் அடுத்த விசாரணை வியாழக்கிழமை. அன்று சனி. என்னை மேலே போகச் சொன்னார்கள். நான் படியில் இருந்தேன்.

அம்மா முதலில் மாமாவைக் கேட்டார், இது எப்படி நடந்தது என்று. நான் எங்கே நடந்தேன் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது அக்கா, அவ்வளவுதான் என்றார் மாமா. அம்மாவின் கோபம் அப்பா பக்கம் திரும்பியது, அவர் ஷிப்ட் முடிந்து வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார் என்ற குற்றத்துக்காக. அப்பா நிதானமாகச் சொன்னார்:

"ஹோம் ஒபிஸ்காரனுக்கு வேற வேலை இல்லையே, குட்மேய்ஸுக்கு வந்து சின்னப் பிள்ளையளின்ர அட்டையை வாசிக்க?"

"லைபிரறி ஆரின்ரை? கவுன்சிலின்ரை. கவுன்சில் ஆரின்ரை? அரசாங்கத்தின்ரை," என்று அம்மா வெட்டினார்.

இந்த இடத்தில் என்னால் பொறுக்க முடியவில்லை. இறங்கிப் போய், கவுன்சில் என்பது கிமினா மாதிரி, ஹோம் ஒபிஸ் அதற்கு எவ்வளவோ மேலே, இரண்டுக்கும் வேறு வேறு கட்டடம், வேறு வேறு வேலை என்று பெட்டி கீறி விளக்கினேன். ஒரு கிமினா குப்பை அள்ளும், நூலகம் நடத்தும், ஆட்களை நாடு கடத்தாது.

"எல்லாம் ஒரு கொம்பியூட்டர்தான், பிள்ளை," என்றார் அம்மா.

அந்த ஒரு வரியை எடுத்துவிட வேண்டும், அதுவும் திங்கட்கிழமையே, என்று தீர்மானமானது. நான் மாட்டேன் என்றேன். ஏன் எடுக்க வேண்டும் என்று கேட்டேன். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. சொன்னால் அதையும் இலக்கம் போட்டு எழுதிவிடுவேன் என்று பயந்திருப்பார்கள். உண்மையான தகவலை மறைப்பது பொய் சொல்வதற்குச் சமம் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார், மாமா நடந்தது உண்மைதானே என்றேன். அம்மா என்னைப் பார்த்தார், அப்பா தேத்தண்ணியைப் பார்த்தார். மாமா என் முன்னால் குந்தி இருந்தார்.

"பிள்ளை, நான் நடக்கேல்லை. சும்மா சொன்னனான். ஒரு படத்தில பார்த்தது."

"ஆறு?"

"அதுவும் படத்திலதான். நான் பிளேனில வந்தனான். கொம்மாவைக் கேட்டுப் பார்."

அம்மா உடனே தலையாட்டினார். எனக்கு அழுகை வந்தது, ஆனால் அழவில்லை. ஒருவர் சொன்னார் என்பதற்காக எதையும் நம்பக்கூடாது, சோதித்துப் பார்க்க வேண்டும். மேலே ஓடிப்போய்ப் பத்து வாக்கியங்கள் எழுதிக்கொண்டு வந்தேன். ஒவ்வொன்றுக்கும் எதிரே சரி அல்லது பிழை என்று அடையாளம் இட வேண்டும். உண்மையாக நடந்தவர் என்றால் தெரிந்துவிடும். சான் ஆறு எல்லையில் ஓடுகிறது. மலைகளின் உச்சியில் அடர்ந்த காடு உண்டு. மாவட்டத்தில் மூன்று கிமினாக்கள். சிவப்புப் பலகை உள்ள வீடு பொலிஸ் நிலையம். இப்படிச் சில சரி, சில பிழை.

மாமா என் பென்சிலை வாங்கி மேசையில் இருந்து எழுதினார். நெடுநேரம் எடுத்தார். ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் வாசித்தார். ஓர் இடத்தில் போட்ட அடையாளத்தை அழித்துவிட்டு மாற்றிப் போட்டார். அப்பா எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

நான் திருத்தினேன். சிவப்புப் பலகை பொலிஸ் நிலையம்தான் என்று சரி போட்டிருந்தார், அவரே விழுந்து விழுந்து சிரித்த விஷயத்தை. எல்லா விடைகளும் அப்படித்தான்.

"எத்தனை, பிள்ளை?"

"பூச்சியம்."

"பார்த்தியே. நான் சொன்னனான்தானே."

பொய்யன் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். மாமாவை நீங்கள் என்று சொல்லாமல் ஒருமுறை நீ என்று சொன்னதற்கே காதைத் திருகிய அம்மா, அன்றைக்கு என் காதைத் தொடவே இல்லை. போய் மாமாவுக்குத் தேத்தண்ணி போட்டார்.

திங்கட்கிழமை நூலகத்துக்குப் போனோம். அம்மா அட்டையைப் பிடித்துக்கொள்ள, நான் மூன்றாவது வரியின் மேல் வெள்ளைக் காகிதம் ஒட்டி, 'இந்தத் தகவல் நம்பத்தகாதது என்று கண்டுபிடிக்கப்பட்டதால் நீக்கப்பட்டது' என்று என் மிக அழகான கையெழுத்தில் எழுதினேன். நூலகப் பெண் என் நேர்மையைப் பாராட்டினார். அம்மாவும் நன்றி சொன்னார். மாமா உள்ளே வரவில்லை, வாசலில் நின்றார்.

வியாழக்கிழமை மாமா விசாரணைக்குப் போய் வந்தார். எந்த நாடுகளுக்குள்ளால் வந்தாய் என்று மறுபடி கேட்டார்களாம். பழையபடியே தெரியாது என்று சொன்னாராம். முதல் தடவை அது உண்மை. இரண்டாம் தடவை அதைப் பொய்யாக்கியது என் வரைபடம். பல மாதங்கள் கழித்து, அவர் இந்த நாட்டில் இருக்கலாம் என்று கடிதம் வந்தது. இப்போது வெம்பிளியில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறார், பிரித்தானியக் கடவுச்சீட்டோடு. அந்த விதியும் இந்த நாட்டுக்கு இப்போது இல்லை. ஆனால் அந்த வசந்த காலத்தில் மூன்று கிழமைகள் நான் அவரோடு பேசவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது நான் நான்கடி முன்னால் நடந்தேன். அவர் என் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார்.

சரி, பிழை என்று பத்துக் கேள்விகள். ஒன்றுமே தெரியாதவர் கண்ணை மூடிக்கொண்டு அடையாளம் போட்டாலும் நான்கைந்தாவது சரியாக விழும். பத்தும் பிழையாக வேண்டுமென்றால், பத்துக்கும் சரியான விடை தெரிந்திருக்க வேண்டும். பத்து வயதில் எனக்கு அது விளங்கவில்லை. சிவப்புப் பேனையால் பெரிய பூச்சியம் ஒன்று போட்டு, அடியில் 'இன்னும் கவனம் தேவை' என்று எழுதி அவர் கையில் கொடுத்தேன். மாமா அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.